ரவாங் பிள்ளைக்குக் கணினி எப்போது, எப்படி?

1894இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி பொருத்தினார்கள். மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் வேலைக்கு வந்த இடம் அது. பத்துமலைக் கோயிலை நிறுவியவரும் இதே தம்புசாமிப் பிள்ளைதான். புதுக் கருவியைக் கண்டு இங்குள்ள தமிழர் பின்வாங்கியதில்லை. கணினி வந்தபோதும் மலேசியர் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார்.

ஆனால் பள்ளியில் கருவியை வைத்தால் கல்வி தானே வந்துவிடாது. இதற்கு நாடு பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2011இல் புறப்பட்ட ஒன்பெஸ்தாரிநெட் திட்டம் 10,000 பள்ளிகளுக்கு இணையத்தையும் மெய்நிகர் கற்றல் தளத்தையும் தருவதாக இருந்தது. அந்தத் தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013 அறிக்கை சுட்டியது. 2019இல் திட்டம் முடிந்தது. மறு ஆண்டே கோவிட். கல்வியமைச்சு நடத்திய ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி வேலைக்குப் போன அப்பாவின் சட்டைப்பையில் இருந்தால், புக்கிட் ரோத்தான் தோட்டத்துப் பிள்ளை எதில் பாடம் படிக்கும்?

2017 முதல், சிக்கலைப் படிப்படியாகப் பிரித்துத் தீர்க்கும் கணினிச் சிந்தனை தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் நான்காம் ஆண்டில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குத் திரையே வேண்டாம்.

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் தோழர்களும் கணினி இல்லாமலே கணினியியல் கற்பிக்கும் பயிற்சிகளை வகுத்தார்கள். ஒன்றைப் பாருங்கள். திடலில் சுண்ணக்கட்டியால் வட்டங்களும் கோடுகளும் வரைய வேண்டும். ஆறு பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு எண் அட்டை. ஒரு வட்டத்தில் இருவர் சந்தித்தால் சிறிய எண் இடப்பக்கம் போகும், பெரிய எண் வலப்பக்கம் போகும். கடைசிக் கோட்டை அடையும்போது ஆறு பேரும் வரிசையாக நிற்பார்கள். யாராவது தவறான பக்கம் திரும்பினால் வரிசை குலையும். எங்கே பிசகியது என்று பிள்ளைகளே பின்னோக்கித் தேடுவார்கள். நிரல் எழுதுபவர் நாள் முழுக்கச் செய்யும் வேலை இதுதான். ஏழு வயதுப் பிள்ளை இதைத் தமிழிலேயே பேசி, சண்டை போட்டு, கண்டுபிடித்துவிடும்.

ஐந்து வயதிலேயே கணினிப் பாடத்தை 2014இல் கட்டாயமாக்கிய இங்கிலாந்திலும், படிமுறை, அதாவது ஒரு வேலையை முடிக்கும் ஒழுங்கான படிகள், என்றால் என்ன என்று புரிந்துகொள்வதுதான் தொடக்கப் பாடங்களில் முன்னிற்கிறது.

150 மாணவருக்கும் குறைவான தோட்டப்புறப் பள்ளிகளுக்குக் கணினி இல்லாத இந்த முறை மிகப் பொருத்தம். செலவு சுண்ணக்கட்டிக்கும் அட்டைக்கும் மட்டுமே. தேவைப்படுவது பயிற்சி பெற்ற ஆசிரியர். நம் நன்கொடைகளோ கணினி அறைக்கும் திறப்பு விழாவுக்கும் போகின்றன. ஆசிரியர் பயிற்சிக்குப் போவதில்லை.

ரவாங், கோல சிலாங்கூர் வட்டாரப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில், கணினி வாங்கும் தீர்மானத்துக்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்: பாடம் நடத்தப்போவது யார்? கருவி பழுதானால் யார் சரிசெய்வார்? பதில் கிடைக்கும்வரை அந்தப் பணத்தை ஆசிரியர் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.