"விளங்கவில்லை" என்று சொல்லும் துணிவு

உறுதியில் கையொப்பமிடுபவர் வாசிக்க இயலாதவராயின், நொத்தாரிசு அதனை வாசித்து விளக்கிய பின்னரே அத்தாட்சிப்படுத்த வேண்டும் என 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் விதிக்கின்றது. வாசித்தல் வேறு, விளங்குதல் வேறு என்பதைச் சட்டம் அன்றே உணர்ந்திருந்தது. எமது வகுப்பறைகள் அதனை இன்னும் உணர்ந்துள்ளனவா?

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பாடநூலைத் தங்குதடையின்றி உரக்க வாசிக்கும் பிள்ளைகள் உள்ளனர். நூலை மூடிவிட்டு, வாசித்ததைச் சொல்லும்படி கேட்டால் அவர்களுட் பலர் தலைகுனிகின்றனர். "விளங்கியதா?" என்று ஆசிரியர் வினவினால், "விளங்கியது" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடையிறுக்கின்றது. இது பிள்ளைகளின் குற்றமன்று. ஏளனத்துக்கும் பிரம்புக்கும் அஞ்சிய உள்ளம் தேடிக்கொண்ட தற்காப்பே இது.

இப்பழக்கம் பள்ளிப் படலையோடு நின்றுவிடுவதில்லை. கடன் பத்திரத்தில் ஒப்பமிட்ட பின்னர், அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று சட்டத்தரணியிடம் கேட்க வருவோரை நாம் அறிவோம். அவர்களுட் பலர் பள்ளிக்கூடம் சென்றவர்களே! தமிழும் அரசகரும மொழியாகும் என 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கூறிற்று. தமிழிலே வரும் கடிதத்தின் பொருளை அறியமாட்டாதவனுக்கு அவ்வுரிமையால் விளையும் பயன் யாது?

ஆசிரியரிடம் சொல்ல நாணும் ஐயத்தைப் பிள்ளை தன் தோழனிடம் சொல்லும். ஆகவே, மாணவருக்கு மாணவரே துணையாகும் முறையை எமது பாடசாலைகள் கைக்கொள்ள வேண்டும் என்கின்றோம்.

இது எமக்குப் புதியதன்று. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குக் கற்பித்தான். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய அன்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், அப்பகுதிப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். தம் பள்ளியிலும் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக அது "சென்னை முறை" எனப் பெயர் பெற்றுப் பல நாடுகளில் பரவியது. ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. சட்டாம்பிள்ளை மனனம் செய்வித்தான், தண்டனைக்கும் துணைபோனான். நாம் வேண்டுவது அவனது அதிகாரத்தையன்று, அவனது அண்மையையே.

வழி என்ன? அமெரிக்காவில் பலின்சார், பிரவுண் எனும் இரு பெண் ஆய்வாளர், சொற்களை வாசித்தும் பொருளறியாத மாணவரிடையே ஒரு முறையைச் சோதித்து, 1984இல் முடிவுகளை வெளியிட்டனர். சிறு பகுதியொன்றை வாசித்ததும், மாணவர் முறைவைத்து ஆசிரியராகின்றனர். அதன் சாரத்தைச் சொல்லுதல், வினா எழுப்புதல், விளங்காத இடத்தைத் தெளிவாக்குதல், அடுத்து வருவதை ஊகித்தல் ஆகிய நான்குமே அவர்தம் பணி. அம்மாணவரின் விளக்கத்திறன் உயர்ந்தது. விளங்காத இடத்தைச் சுட்டிக்காட்டுவது அங்கே இழிவன்று, கடமை!

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வாரம் இருமுறை அரைமணி நேரமும், நான்கைந்து பேர் கொண்ட குழுக்களும், ஆசிரியரின் மேற்பார்வையும் போதும். விளங்காத வரியின் கீழ் ஒவ்வொருவரும் கோடிடட்டும். எவரும் நகைத்தலாகாது, புள்ளியிடுதலும் வேண்டாம். கெட்டிக்கார மாணவரின் நேரம் வீணாகுமெனப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. பிறர்க்கு விளக்கப் புகும்போதே தன் அறிவின் ஓட்டைகள் தனக்குப் புலப்படும். வயலிலிருந்து மீளும் தந்தை எழுத்தறியாதவராயினும், "இன்று வாசித்ததை எனக்குச் சொல், மகனே" என்று கேட்கலாம். அதைவிடச் சிறந்த பரீட்சை வேறில்லை.

ஆனால், மாணவர் துணையைக் காட்டி ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பாது விட எவரேனும் எண்ணுவாராயின், அதனை நாம் வன்மையாக எதிர்ப்போம். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, படுவான்கரைப் பிள்ளைக்கும் உரியதே. நல்லாசிரியரைத் தருவது அரசின் கடன். அச்சமற்ற வகுப்பறையைத் தருவது எம் அனைவரின் கடன்.

"எனக்கு விளங்கவில்லை" என்று இன்று தோழனிடம் துணிந்து சொல்லும் பிள்ளையே, நாளை எந்த அலுவலகத்திலும், "இதனை விளக்குங்கள், விளங்கிய பின்னரே ஒப்பமிடுவேன்" என்று நிமிர்ந்து சொல்லும். அத்தகைய தலைமுறையை எவராலும் ஏய்க்க முடியாது!