அம்மாவுக்கு இரண்டு எழுத்தா?

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லிவிடும். பைதான் மொழியில் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேளுங்கள், ஐந்து என்று வரும். யூனிகோடில் த ஒரு குறி, ம ஒரு குறி, அதன் தலையில் இருக்கும் கொக்கி தனிக் குறி, ழ ஒன்று, புள்ளி இன்னொன்று. ஆகவே தமிழ் எழுத்தை எண்ண நாமே ஒரு சின்ன நிரல் எழுதிக்கொள்ள வேண்டும். கொக்கி, கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் விட்டுவிட்டு மிச்சத்தை எண்ணு என்று சொன்னால் போதும். பத்து வரியில் வேலை முடிந்துவிடும்.

கூடவே சில கேள்விகளையும் எழுதி வைப்போம். ‘தமிழ்’ கொடுத்தால் 3 வருகிறதா? ‘அம்மா’ கொடுத்தால் 3 வருகிறதா? இதைத்தான் டெஸ்ட் என்கிறோம். விடை தெரிந்த கேள்வியைக் கேட்டு, அதே விடை வருகிறதா என்று பார்ப்பது. கேட்பதும் இன்னொரு நிரல்தான், ஆள் உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை.

இப்போது ஒருவர் வந்து, “‘பக்ஷி’யில் ‘க்ஷி’ ஒரே எழுத்துதானே, உங்கள் நிரல் இரண்டாக எண்ணுகிறதே” என்கிறார். நியாயமான புகார். புள்ளிக்கு அடுத்து இன்னொரு மெய் வந்தால் இரண்டையும் ஒட்டி ஒன்றாக எண்ணு என்று ஒரு வரி சேர்க்கிறோம். பக்ஷி சரியாகிவிட்டது. சேவ் செய்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆனால் அதே வரி ‘அம்மா’வை அ, ம்மா என்று இரண்டாக்கிவிட்டது. தேவநாகரிக் கூட்டெழுத்துக்கு ஒத்துவரும் விதியைத் தமிழுக்குப் பூட்டிவிட்டோம்.

அம்மாவுக்கான டெஸ்ட் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஓட்டினால் தெரிந்துவிடும். ஓட்ட வேண்டுமே! ஐடி வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த உரையாடல் பழகியதுதான்.

“டெஸ்ட் ஓட்டிப் பாத்தியாப்பா?”

“ஒரே ஒரு வரிதாண்ணா மாத்தினேன்.”

பெரிய மாற்றம் செய்தவர் பயந்துபோய் இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பார். ஒரு வரி மாற்றியவர்தான் ஓட்ட மாட்டார். சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை. நினைவு வைத்துச் செய்ய வேண்டிய எந்த வேலையும், நாம் தைரியமாக இருக்கிற நேரத்தில்தான் விட்டுப்போகும். அதனால் நினைவு வைக்கிற பொறுப்பையே மனிதரிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. கோப்பு மாறிய கணமே தானாக டெஸ்டை ஓட்டும் கருவிகள் இதற்காகத்தான் இருக்கின்றன. திரையின் ஓரத்தில் ஒரு டெர்மினல் திறந்தே கிடக்கும். நீங்கள் சேவ் கொடுப்பீர்கள். நாற்காலியை விட்டு எழுவதற்குள் அங்கே சிவப்பில் வந்து நிற்கும்: அம்மா, எதிர்பார்த்தது 3, வந்தது 2.

இந்த மறதிக்கு வயது அதிகம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், யாக் என்ற புகழ்பெற்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன், ஒரு நாள் சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனின் அறைக்குள் விதியைச் சபித்தபடி நுழைந்தார். சரியாக இருந்த நிரலில் பிழை தேடிக் காலைப்பொழுது முழுவதும் போயிருந்தது. பிழையை அவர் முன்பே திருத்திவிட்டார். திருத்திய கோப்பைக் கம்பைல் செய்ய மறந்ததால் பழைய நிரலே ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாலை ஃபெல்ட்மேனுக்கும் அதே கதிதான். அந்த வாரக் கடைசியில் அவர் எழுதியதுதான் ‘மேக்’. ஆண்டு 1976. எந்தக் கோப்பு எதைவிடப் புதியது என்று நேரமுத்திரையைப் பார்த்து, தேவையானதை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஒரே குறை, அதைக் கூப்பிட வேண்டும். கூப்பிட மறந்தால் மேக் சும்மாதான் இருக்கும்.

டெஸ்ட் எழுதும் பழக்கம் பரவியது அதற்கு வெகுகாலம் கழித்து. 1997இல் ஜூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்கு விமானத்தில் போகும்போது கென்ட் பெக்கும் எரிக் காமாவும் சேர்ந்து ஜேயூனிட் என்ற சிறு கருவியை ஜாவாவில் எழுதினார்கள். பச்சை என்றால் தேறியது, சிவப்பு என்றால் தேறவில்லை என்ற வழக்கு ஊரெங்கும் பரவ அதுவும் ஒரு காரணம். அதிலும் பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும்.

அந்தப் பொத்தானையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தவர்கள் எம்ஐடியைச் சேர்ந்த டேவிட் சாஃபும் மைக்கேல் எர்ன்ஸ்ட்டும். புரோகிராமரின் நேரம் இரண்டு வழியில் வீணாகிறது என்றார்கள். டெஸ்ட் முடியட்டும் என்று காத்திருக்கும் நேரம் ஒன்று. டெஸ்டை ஓட்டாமல் விட்டதால், நுழைந்த பிழை தெரியாமல் அதன்மேலேயே கட்டிக்கொண்டு போய்ப் பிறகு வருந்தும் நேரம் மற்றொன்று. 2004இல் வெளியான அவர்களது ஆய்வில், மாணவர்கள் நிரல் எழுத எழுதப் பின்னணியில் டெஸ்ட் தானாக ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வசதி கிடைத்தவர்கள் கெடுவுக்குள் வேலையை முடிக்கும் வாய்ப்பு, கிடைக்காதவர்களைவிட மூன்று மடங்கு இருந்தது. செலவிட்ட நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அவர்கள் கூடுதல் நேரம் உழைத்து முடிக்கவில்லை.

கவனம் சிதறாதா என்று உடனே கேட்பீர்கள். அந்த மாணவர்கள் சிதறவில்லை என்றார்கள். எனக்குச் சிதறும், எடிட்டரில் ஆட்டோசேவ் போட்டிருந்தால். பாதி தட்டிய வரிக்கெல்லாம் சிவப்பு காட்டினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆட்டோசேவை அணைத்துவிடுங்கள். “இப்போது பார்” என்று நீங்கள் சொல்லும் இடம் சேவ்தான். அது உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கோப்பு மாறியது கருவிக்கு எப்படித் தெரிகிறது? தபால்காரர் வந்துவிட்டாரா என்று அடிக்கடி வாசலுக்குப் போய் எட்டிப் பார்ப்பது ஒரு வழி, அவர் மணி அடிக்கட்டும் என்று உள்ளே இருப்பது இன்னொரு வழி. எட்டிப் பார்க்கும் முறையில், ஆயிரக்கணக்கான கோப்புகளின் நேரமுத்திரையை ஓயாமல் புரட்டிப் புரட்டி லேப்டாப் சூடாகும். லினக்ஸுக்கு முதலில் கிடைத்த மணி அரைகுறை. இந்த ஃபோல்டரில் ஏதோ மாறியது என்று சொல்லும், எது என்று சொல்லாது. 2005இல் 2.6.13 பதிப்பில் ஐநோட்டிஃபை என்ற வசதி வந்த பிறகுதான் கோப்பின் பெயரோடு தகவல் கிடைத்தது. மேக் கணினியிலும் விண்டோஸிலும் இதற்கு வேறு வேறு ஏற்பாடுகள் உண்டு.

நடைமுறையில் இதுவும் கோணல்மாணலாகத்தான் ஓடும். ஒரு சேவுக்கு மூன்று நான்கு மணி அடிக்கும். நல்ல கருவி கண் இமைக்கும் நேரம் காத்திருந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கணக்கெடுக்கும். சில எடிட்டர்கள் பழைய கோப்பில் எழுதாமல் புதிதாக ஒன்று எழுதிப் பெயரை மாற்றி வைக்கும். பழைய கோப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் கருவி அதோடு குருடாகிவிடும். டெஸ்டே அதே ஃபோல்டரில் ஒரு கோப்பை எழுதினால், அந்த மாற்றத்தைப் பார்த்து மறுபடி டெஸ்ட் ஓடும், அது மறுபடி எழுதும், விடிய விடிய ஓடும். விண்டோஸ் லேப்டாப்புக்குள் லினக்ஸ் வைத்து வேலை செய்கிறவர்கள் கோப்புகளை சி டிரைவில் வைத்தால், லினக்ஸ் பக்கம் மணியே அடிக்காமல் போகலாம். லினக்ஸ் பக்கத்துக்கே கோப்புகளை மாற்றிவிடுவதுதான் வழி.

எல்லாவற்றிலும் வேடிக்கை ஒரு பிழைச்செய்தி. ஐநோட்டிஃபை ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனியாகக் காவல் போடும். அதற்கு உச்சவரம்பு உண்டு, வெகுகாலம் அது 8192. ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட் என்றால் இறக்குமதி செய்த நூலகங்களே அதைத் தின்றுவிடும். வரம்பு தாண்டினால் கெர்னல் தரும் பிழை எண், டிஸ்க் நிறைந்தால் தரும் அதே எண். “சாதனத்தில் இடமில்லை” என்று திரையில் வரும். அதை நம்பிக் கல்யாண ஃபோட்டோக்களை அழித்தவர்கள் எத்தனை பேரோ.

இவையெல்லாம் தீர்க்கக்கூடிய தொல்லைகள். தீராதது டெஸ்டின் வேகம். எல்லா டெஸ்டும் முடியப் பத்து நிமிடம் ஆகுமென்றால், தானாக ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? விடை வரும்போது நீங்கள் வேறு கோப்பில் இருப்பீர்கள். ஆகவே ஜெஸ்ட் போன்ற கருவிகள் கடைசி கமிட்டுக்குப் பிறகு எந்தக் கோப்புகள் மாறின என்று, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ கருவியிடம் கேட்டு, அவற்றோடு தொடர்புள்ள டெஸ்டுகளை மட்டும் ஓட்டும். மிச்சம், நிரலை அனுப்பிய பிறகு சர்வரில் ஓடட்டும். அதைவிட ஆபத்து, காரணமில்லாமல் அவ்வப்போது சிவப்பாகும் டெஸ்ட். டேட்டாபேஸ் கிடைக்கவில்லை, நெட் மெதுவாக இருந்தது என்று அது நாலு முறை பொய் சொன்னால், ஐந்தாவது முறை அம்மாவுக்கு இரண்டு எழுத்து வரும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்படிப்பட்டதைச் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் தயங்காமல் தூக்கிவிடுங்கள்.

எம்ஐடி ஆய்வில் மாணவர்களுக்குப் பயிற்சிக் கணக்கோடு டெஸ்டுகளையும் ஆசிரியர்களே கொடுத்திருந்தார்கள். நம் பொறியியல் கல்லூரி லேப் ரெக்கார்டில் நோக்கம், அல்காரிதம், நிரல், அவுட்புட் எல்லாம் எழுதி, கடைசியில் “நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது” என்று வகுப்பே ஒரே வரியை எழுதி வைக்கிறது. எதை வைத்துச் சரிபார்த்தார்கள் என்று அந்த நோட்டில் எங்கும் இல்லை. பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த செமஸ்டரில் ஒரே ஒரு பயிற்சிக்காவது கேள்வியோடு பத்து டெஸ்டுகளையும், சேவ் செய்தால் அவற்றை ஓட்டும் ஏற்பாட்டையும் சேர்த்துக் கொடுங்கள். கருவிகள் இலவசம், லேபில் இருக்கும் பழைய கணினியே போதும்.