அந்த அரை பாயிண்ட் வேற, இந்த அரை பாயிண்ட் வேற

செஸ்ஸில் டிரா என்றாலே நம்ம ஆட்களுக்கு ஒரு இளக்காரம். "ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்ல, அதுக்கா இவ்வளவு நேரம்?" என்பார்கள். பன்னிரண்டாவது மூவில் கை குலுக்கிவிட்டு டீக்கடைக்குக் கிளம்புகிறார்களே, அந்த டிராவுக்கு இந்த நக்கல் தகும்.

கிராண்ட்மாஸ்டர்கள் அப்படிச் செய்தால் பரிசுப் பணம், அலுப்பு என்று ஏதோ கணக்கு இருக்கும். அதையே பொறுக்காமல்தான் 2005ல் சோஃபியாவில் நடந்த எம்-டெல் மாஸ்டர்ஸில், ஆட்டக்காரர்கள் நேரடியாக டிரா கேட்கக்கூடாது, நடுவர் மூலம்தான் என்று விதி வைத்தார்கள். 1500, 1600 ரேட்டிங்கில் குப்பை கொட்டும் நமக்கு என்ன வந்தது? என்ட்ரி ஃபீஸ் கட்டி ஞாயிற்றுக்கிழமையைத் தொலைப்பதே ஆடத்தானே சாமி!

போன மாதம் ஒரு டோர்னமென்ட்டில் எதிரே பேங்கில் ரிட்டையரான ஒரு சார். 14வது மூவை வைத்துவிட்டு, கடிகாரத்தை அமுக்கும் முன் "டிரா?" என்றார். (இப்படி முறையாகக் கேட்பவர்களே அபூர்வம்.) "கொஞ்சம் ஆடலாமே சார்" என்றேன். மனுஷன் ஆடினார் பாருங்க! கடைசியில் அவருக்கு யானையும் ஒரு சிப்பாயும், எனக்கு வெறும் யானை.

இதற்கு 18ஆம் நூற்றாண்டு பிலிடோர் பெயரில் ஒரு வைத்தியம் உண்டு. சிப்பாய் ராணியாகும் கட்டத்தில் நம் ராஜா உட்கார வேண்டும். யானை நம் பக்கமிருந்து மூன்றாவது வரிசையில் நின்று எதிரி ராஜாவை உள்ளே விடக்கூடாது. சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த நிமிஷம் யானை எதிர்க் கோடிக்கு ஓடி, பின்னாலிருந்து செக், செக், செக். ராஜா ஒளிய முன்னால் இடமில்லை, அங்கேதான் சிப்பாய் நிற்கிறதே! புத்தகத்தில் படிக்க அஞ்சு நிமிஷம். கடிகாரம் ஓடும்போது, எதிரே ஒருத்தர் முறைத்துக்கொண்டிருக்க, கை நடுங்காமல் செய்வது வேற கதை. 71வது மூவில் அவரே கையை நீட்டினார்.

"14லயே வந்த டிராவை விட்டுட்டு இதுக்கா?" என்றான் நண்பன். ரேட்டிங் கணக்கில் அவன் சொல்வது சரிதான். சம ரேட்டிங் ஆட்கள் டிரா செய்தால் இருவருக்கும் மாற்றம் பூஜ்யம். ஆனால் 14லேயே முடித்திருந்தால் பிலிடோர் எனக்குப் புத்தகத்தில் மட்டும்தான் இருந்திருப்பார்.

டோர்னமென்ட் நடத்தும் அண்ணன்களுக்கு ஒரு விண்ணப்பம். இத்தனை மூவுக்கு முன் பேசி டிரா செய்யக்கூடாது என்று போட்டி விதியில் எழுத ஃபிடே சட்டமே இடம் தருகிறது. 30 என்று போடுங்கள். டீக்கடைக்காரர் கோவிச்சுக்க மாட்டார்.