சட்டைப்பைக்குள்ளே ஒரு பிக்பாக்கெட்! போடிமெட்டில் ஒழிந்த 'ரோமிங்' கொள்ளை வெளிநாட்டில் ஒழிவது எப்போது?

போடியில் இருந்து மலை ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். கடைசி வளைவும் தாண்டினால் போடிமெட்டு. அங்கே செக்போஸ்ட் இருக்கிறது. தமிழ்நாடு முடிந்து கேரளா தொடங்குகிறது என்று பலகை இருக்கிறது. பஸ்சில் தூங்குகிறவரைக்கூட பக்கத்து சீட்டுக்காரர் தட்டி, "பார்டர் வந்தாச்சு" என்று எழுப்பி விடுவார்.

ஆனால் சட்டைப்பையில் இருக்கும் செல்போன் யாரையும் எழுப்பாது. சத்தம் இல்லாமல் எல்லை தாண்டும். அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும். காசைக் கறந்துவிடும்!

வெளிநாடு போய் வந்தவர்கள் இன்று தலையில் கை வைக்கிறார்களே, அந்தக் கூத்தை போடிக்காரர்கள் விமானம் ஏறாமலேயே பல வருஷம் பார்த்தவர்கள்.

மெட்டு தாண்டினால் காசு

பொழுது விடிவதற்குள் போடி, தேவாரம் பக்கத்தில் இருந்து ஜீப்புகள் மலை ஏறும். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள் அதில் இருப்பார்கள். பகலில் கேரளா. சாயங்காலம் சொந்த வீடு.

செல்போன் கம்பெனிக்கு அது வேறு கணக்கு. தமிழ்நாடு ஒரு 'சர்க்கிள்'. கேரளா இன்னொரு 'சர்க்கிள்'. மெட்டு தாண்டினால் 'ரோமிங்'. பேசினாலும் காசு. வேறு யாராவது கூப்பிட்டு, எடுத்தாலும் காசு!

2007-ம் ஆண்டு டெலிபோன் ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' இதற்கு உச்சவரம்பு போட்டது. ரோமிங்கில் வரும் அழைப்பை எடுத்தால் நிமிடத்துக்கு 1 ரூபாய் 75 காசு வரை வாங்கலாம். 2013 ஜூலையில் அது 75 காசு ஆனது. 2015 மே மாதம் 45 காசு ஆனது.

"பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று வீட்டில் இருந்து போன் வந்தால், சேதி கேட்கும் தாய்தான் பணம் கட்ட வேண்டும். கூலி வேலைக்குப் போன இடத்தில் நிமிடத்துக்கு நிமிடம் காசு போனால் மனசு கேட்குமா? "வையி, வையி, காசு போகுது!" என்று பாதிப் பேச்சில் போனை வைத்த காலம் அது.

ஒழிந்தது எப்படி?

2015 ஜூன் 15-ந்தேதி முதல் ரோமிங்கில் வரும் அழைப்பு இலவசம் என்று பி.எஸ்.என்.எல். அறிவித்தது. 2016 செப்டம்பரில் ஜியோ இறங்கியது. உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக் கட்டணமே இல்லை என்றது. 2017-ல் மற்ற பெரிய கம்பெனிகளும் வழிக்கு வந்தன.

மலை அப்படியேதான் இருக்கிறது. எல்லையும் அப்படியே. காசு மட்டும் ஒழிந்து போச்சு!

அப்படியானால் அத்தனை வருஷம் வாங்கியது எதற்காக? செலவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஜனங்கள் தலையில் கட்டிய அளவுக்கு இருந்திருந்தால், போட்டி வந்ததும் ஒரே வருஷத்தில் விட்டுக் கொடுத்திருப்பார்களா?

இப்போது விமானத்தில்

அதே பிக்பாக்கெட் இப்போது விமானம் ஏறிவிட்டான்.

ஏலக்காய் வியாபாரி வளைகுடா நாட்டுக்குப் போகிறார். மகனைப் பார்க்கப் பெற்றோர் சிங்கப்பூர் போகிறார்கள். விமானம் இறங்கியதும் செல்போனை உயிர்ப்பிக்கிறார்கள். அது அந்த நாட்டு டவரைப் பிடிக்கிறது. ரோமிங் வசதி இருந்து, 'டேட்டா ரோமிங்' பொத்தானும் திறந்திருந்தால் தீர்ந்தது கதை.

அவர்கள் யாரிடமும் பேசவில்லை. சினிமா பார்க்கவில்லை. போன் பையில்தான் இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த கல்யாண வீடியோ தானாக இறங்குகிறது. எடுத்த போட்டோ தானாக மேலே ஏறுகிறது. ஆப் ஒவ்வொன்றும் தன்னைத்தானே புதுப்பித்துக் கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் மீட்டர் ஓடுகிறது!

'பேக்' போடாதவருக்கு ஒரு எம்.பி.க்கு 500 ரூபாய் என்று வையுங்கள். 20 எம்.பி. வீடியோ ஒன்று இறங்கினால் 10 ஆயிரம் ரூபாய். ஊரில் ஒரே நாளில் சர்வ சாதாரணமாகத் தீர்க்கும் ஒன்றரை ஜி.பி.யை அந்த விலைக்குக் கணக்குப் போட்டால், ஏழரை லட்சத்துக்கு மேல் வருகிறது!

பிரீபெய்டு என்றால் இருக்கிற பணத்தோடு போய்விடும். போஸ்ட்பெய்டு என்றால் ஊர் திரும்பிய பிறகு பில் வரும். அதுவரை எதுவும் தெரியாது.

வெளிநாடே போகாதவர்களும் உஷாராக இருக்க வேண்டும். போடிமெட்டு வழியாகப் போகும் கொச்சி–தனுஷ்கோடி சாலையின் மறுமுனையில், கடலுக்கு அப்பால் இலங்கை. தனுஷ்கோடியில் சில நேரம் செல்போன்கள் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்வது உண்டு. வெளிநாட்டு ரோமிங்கைத் திறந்து வைத்திருப்பவருக்கு அங்கேயும் ஆபத்துதான்.

கம்பெனி சொல்லும் சாக்கு

"பேக் போட்டிருக்கலாமே? விதிமுறையில் எழுதி இருக்கிறதே?" என்பார்கள். உண்மைதான். பொடி எழுத்தில் எங்கோ எழுதி இருக்கும். அன்னிய நாட்டுக் கம்பெனிக்கு அவர்கள் பணம் கொடுக்க வேண்டும் என்பதும் உண்மைதான்.

ஆனால் ரீசார்ஜ் முடிய மூன்று நாள் இருக்கும்போதே ஓயாமல் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிகிறதே! ஆயிரக்கணக்கில் பணம் ஓடும்போது மட்டும் வாய் அடைத்துப் போவது ஏன்?

முடியாத காரியம் இல்லை இது. ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2010 ஜூலை முதலே கடிவாளம் போட்டு விட்டார்கள். வாடிக்கையாளர் வேறு தொகை கேட்டிருந்தால் ஒழிய, ரோமிங் டேட்டா செலவு 50 யூரோவைத் தொட்டதும் இணைப்பை நிறுத்த வேண்டும். 2017 ஜூன் 15 முதல் அந்த நாடுகளுக்குள் ரோமிங் கூடுதல் கட்டணத்தையே சில வரம்புகளோடு ஒழித்தும் விட்டார்கள்.

இங்கே டிராயும் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டு ரோமிங் தானாகத் திறந்திருக்கக் கூடாது, உபயோகம் ஏற ஏற எச்சரிக்கைச் செய்தி அனுப்ப வேண்டும் என்று 2020-ல் பரிந்துரை செய்தது. நல்ல யோசனை. ஆனால் எச்சரிக்கை மட்டும் போதாது. ராத்திரி தூங்குகிறவர் குறுஞ்செய்தியை எப்படிப் படிப்பார்? வாடிக்கையாளர் "சரி" என்று சொல்லாமல், குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஒரு காசுகூட ஏறக் கூடாது. அதைத்தான் சட்டமாக்க வேண்டும்.

கோர்ட்டுக்கும் போகலாம்

ஆமதாபாத்தில் ஒருவருக்கு மாதம் சராசரி 555 ரூபாய் செல்போன் பில் வந்தது. 2013 நவம்பர்–டிசம்பரில் திடீரென்று 24 ஆயிரத்து 609 ரூபாய் வந்து நின்றது. அவர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனார். "டெலிபோன் தகராறை நுகர்வோர் கோர்ட்டு விசாரிக்கக் கூடாது" என்று கம்பெனி சுப்ரீம் கோர்ட்டு வரை போய் வாதாடியது. 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்க மறுத்தது. "விசாரிக்கலாம்" என்று தீர்ப்பு அளித்தது.

ஆகவே பில்லைப் பார்த்ததும் பயந்து பணத்தைக் கட்டிவிட்டு மூலையில் உட்கார வேண்டாம். முதலில் வாடிக்கையாளர் சேவையில் புகார் செய்து, புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போங்கள். நுகர்வோர் கோர்ட்டின் கதவும் திறந்தே இருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம். விமானம் ஏறுமுன் 'டேட்டா ரோமிங்' பொத்தானை மூடுங்கள். தேவை என்றால் அந்த நாட்டுக்கு உள்ள பேக்கை ஊரிலேயே விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

போடிமெட்டில் எல்லை வருகிறது என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு பலகைக்கு என்ன செலவு ஆகிவிடும்? செல்போன் கம்பெனிகளும் முதலில் பலகையை வைக்கட்டும். காசை அப்புறம் கேட்கட்டும்!