குறுக்கிய ஆக்சிலில் பேரிங் ஏன் நிற்பதில்லை?

தேனி மாவட்டம் சின்னமனூர் பக்கத்து வாழை விவசாயி ஒருவரின் கேள்வி: “ஆறடி இடைவெளியில் வாழை நட்டிருக்கிறோம். தார் சுமக்க, பழைய ஜீப்பின் பின் ஆக்சிலை அகலம் குறைத்து, டீசல் இன்ஜின் வைத்து ஒரு வண்டி கட்டினோம். பட்டறையில் நூல் பிடித்துப் பார்த்துத்தான் வெல்டிங் செய்தார்கள். இரண்டே மாதத்தில் வலது பக்க பேரிங் இரண்டு முறை போய்விட்டது. ஆயில் சீலும் நிற்கவில்லை. ஷாஃப்டையும் அறுத்து ஒட்டியிருக்கிறார்கள். வெட்டு நாளில் ஆட்களும் அதில் ஏறி வருகிறார்கள். இதைச் சரிசெய்ய முடியுமா?”

ஆக்சிலைச் சரிசெய்யலாம். ஆனால், அந்த ஒட்டு ஷாஃப்ட் வெளியே வரும் வரை ஆட்களை ஏற்றக் கூடாது. தாரும் ஏற்ற வேண்டாம். ஷாஃப்ட் என்பது சூடேற்றிப் பதப்படுத்திய இரும்பு. வெல்டிங் சூடு பட்டதும் ஒட்டின் ஓரத்தில் அந்தப் பதம் கெட்டு, நொறுங்கும் தன்மை வந்துவிடும். சக்கரம் நேரடியாக ஷாஃப்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் வகை ஆக்சிலாக இருந்தால், ஷாஃப்ட் முறிந்த நொடியில் சக்கரமும் கழன்று வெளியே வந்துவிடலாம். வரப்பு ஓரத்தில் அது நடந்தால் வண்டி கவிழும்.

பேரிங் போவதற்குக் காரணம் வேறு. குழாயின் ஒரு பக்கத்தில் வெல்டிங் ஓடும்போது, ஆறுகிற உலோகம் சுருங்கிக் குழாயைத் தன் பக்கம் இழுக்கும். நூலுக்கு நேராகத் தெரிந்தாலும் நுனியில் ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கும். அந்தக் கோணலோடுதான் ஷாஃப்ட் சுற்றுகிறது. அடியை பேரிங்கும் சீலும் வாங்குகின்றன. எத்தனை புது பேரிங் மாற்றினாலும் இதே கதைதான். நூலை நம்பி ஆக்சிலை ஒட்டுவது, கண்ணை மூடிக்கொண்டு வரப்பு கட்டுவதைப் போல.

இதற்குத்தான் ஜிக். செய்வது பெரிய வித்தையில்லை. ஒரு தண்டும் நான்கு வட்டுகளும் போதும். தண்டுக்கு 38 அல்லது 40 மி.மீ. கனமுள்ள, மெருகேற்றிய பிரைட் பார் வாங்க வேண்டும். நீளம், ஆக்சிலின் முழு அகலத்தைவிட ஓர் அடி கூடுதலாக இருக்கட்டும். கட்டடக் கம்பியோ தண்ணீர்க் குழாயோ உதவாது. லேத்தில் கொடுத்து டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, நேராக இருந்தால் மட்டும் எடுக்கவும்.

வட்டுகளில் இரண்டு, டிஃபரன்ஷியலின் பக்க பேரிங்குகள் உட்காரும் இடத்துக்கு. மற்ற இரண்டு, குழாயின் இரு நுனிகளிலும் சக்கர பேரிங் உட்காரும் இடத்துக்கு. கழற்றிய பேரிங்கின் வெளி வளையத்தைக் கையோடு லேத்துக்குக் கொண்டுபோனால் அளவு தவறாது. வட்டின் வெளி விட்டத்தையும் நடுத் துளையையும் ஒரே பிடியில் கடையச் சொல்ல வேண்டும். இடையில் கழற்றி மாட்டினால் துளை மையம் தப்பும்; பிறகு ஜிக்கே கோணல்தான். தண்டு, துளைக்குள் ஆட்டமில்லாமல், கையால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும்.

அறுப்பதற்கு முன் ஒரு கணக்கு. பல பழைய ஜீப்புகளில் டிஃபரன்ஷியல் நடுவில் இருக்காது. ஒரு பக்க ஷாஃப்ட் நீளம், மறுபக்கம் குட்டை. இரண்டு ஷாஃப்டுக்கும் உள்ள நீள வித்தியாசத்தை மட்டும் நீளமான பக்கக் குழாயில் குறைத்தால், பழைய சாமான் கடையில் இன்னொரு குட்டை ஷாஃப்ட் வாங்கி அப்படியே மாட்டிவிடலாம். ஷாஃப்டில் கையே வைக்க வேண்டியதில்லை. பல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பார்த்து வாங்கவும். டிஃபரன்ஷியல் இடம் மாறுவதால் இன்ஜினிலிருந்து வரும் ஷாஃப்டின் கோட்டையும் அதற்கேற்பத் திருத்த வேண்டியிருக்கும். அகலம் இன்னும் குறைய வேண்டுமென்றால் ஷாஃப்டை வெட்டிப் புதிதாகப் பல் வெட்ட வேண்டும். நடுவில் மெலிந்து போகும் ஷாஃப்டில் பல் வெட்டக் கனம் இருக்காது. அதற்கு அளவு சொல்லிப் புது ஷாஃப்ட் செய்துகொள்வதே வழி.

இனி வேலை. பேரிங், சீல், எண்ணெய் எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். குழாயின் நீளவாக்கில் சென்டர் பஞ்சால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், ஒட்டும்போது பிரேக் தட்டு திரும்பிப் போகாது. டிஃபரன்ஷியலின் வார்ப்பிரும்புக்குப் பக்கத்தில் அறுக்காமல் இரண்டு மூன்று அங்குலம் தள்ளி அறுக்கவும்; வார்ப்பில் சாதாரண ராடு பிடிக்காது, விரிசல் விடும். அறுத்த இரு வாய்களையும் கிரைண்டரில் சரிவாகத் தேய்த்து, உள்ளே இரண்டு வட்டுகளையும் வைத்து பேரிங் மூடிகளை முறுக்கவும். மூடிகள் இடம் வலம் மாறக் கூடாது. தண்டை நுழைத்து, நுனித் துண்டை அதன் மேல் கோத்து, 2 மி.மீ. இடைவெளி விட்டு நான்கு இடங்களில் எதிரெதிராக டேக் அடிக்கவும்.

அதன் பிறகு அவசரம் கூடாது. ஓர் அங்குலம் ஓட்டினால், அடுத்த அங்குலம் அதற்கு நேர் எதிரே. ஒவ்வொரு முறையும் தண்டைக் கையால் சுற்றிப் பார்க்கவும். சுற்றினால் சரி. இறுகினால் குழாய் இழுக்கிறது என்று அர்த்தம். அடுத்த ஓட்டத்தை எதிர்ப்பக்கம் கொடுத்தால் திரும்பி வரும். தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்டு உள்ளே இருக்க, இரவு முழுக்கத் தானாக ஆறட்டும்.

சின்னமனூர் விவசாயியும் முதலில் இந்தத் தண்டையே நுழைத்துப் பார்க்கலாம். நான்கு வட்டிலும் போகவில்லை என்றால் பழைய ஒட்டை அறுத்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டியதுதான். செலவைப் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு பங்கிட்டால், தண்டு எல்லோருக்கும் ஆகும். ஆக்சில் மாறினால் வட்டு மட்டும் மாறும்.

வண்டி தோட்டத்துக்குள்ளேயே ஓடட்டும். பதிவு செய்த வாகனத்தை இப்படி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது; பதிவே இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டவும் முடியாது. அகலம் குறைந்த வண்டி சரிவில் எளிதாகச் சாயும் என்பதால் தாரை உயரமாக அடுக்க வேண்டாம். முதல் நாள் வெறும் வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இரண்டு சக்கர மையத்தையும் தொட்டுப் பார்க்கவும். ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தால் பாரம் ஏற்றாமல் அந்தப் பக்கத்தைத் திரும்பக் கழற்றிப் பார்க்க வேண்டும்.