காத்துக்குக் காசு கொடுக்கும் கதை

காருக்கு ஏதாவது பண்ணணும் என்று கை அரிக்க ஆரம்பித்த பையன்கள் முதலில் வந்து நிற்கிற இடம் ஏர் இன்டேக் கிட் தான். டர்போ என்றால் லட்சத்தில் பேசணும். என்ஜினைப் பிரிக்க தைரியம் வேணும். ஏர் இன்டேக்குக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும் என்று கடைக்காரரே சொல்லிவிடுகிறார். "அரை மணி நேர வேலை தம்பி, பவரும் ஏறும், மைலேஜும் ஏறும்." அப்புறம் பார்த்தால் ஞாயிறு சாயங்காலம் பானெட்டைத் திறந்து போட்டு, கையில் மிச்சமான ரெண்டு போல்ட்டோடு பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான்.

பார்க்கிறவர்கள் உடனே கேட்பது, "தெரியாத வேலையில எதுக்குப்பா கை வைக்கிற?" பாவம், அவன் மேல் பழி போடுவது ரொம்ப ஈஸி. ஆனால் இந்த எரிச்சலில் முக்கால்வாசிக்கு அவன் காரணமே கிடையாது. விற்கும்போது சொல்லாமல் விட்ட விஷயம் எல்லாம் மாட்டும்போது ஒவ்வொன்றாக வெளியே வருகிறது, அம்புட்டுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று தாராளமாக உள்ளே போனால் பவர் கூடும் என்ற லாஜிக்கில் தப்பில்லை. கம்பெனியில் வந்த அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் டப்பாதான் காற்றை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று நம்புவதில்தான் தப்பு. 1.2 லிட்டர் என்ஜின் 6000 ஆர்.பி.எம்.மில் அலறினால் கூட நிமிஷத்துக்கு 3600 லிட்டர் காற்றுதான் இழுக்க முடியும் (நாலு ஸ்ட்ரோக் என்ஜின், ரெண்டு சுற்றுக்கு ஒரு மூச்சு). அதற்குக் கணக்குப் போட்டுத்தான் உள்ளே இருக்கும் பேப்பர் ஃபில்டரை மடித்து வைத்திருக்கிறார்கள். டப்பாவுக்கு வேறு வேலையும் உண்டு. என்ஜின் சூடு படாத வெளிக்காற்றை எடுக்க வேண்டும், மழைத் தண்ணி ஏறாத உயரத்தில் வாயை வைத்திருக்க வேண்டும், உறிஞ்சுகிற சத்தத்தை அடக்க வேண்டும். அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக அது முட்டாள் டப்பா ஆகிவிடாது.

இனி மாட்டுகிற படலம். முதல் இடி சைஸில் விழும். சென்னை ஜி.பி. ரோடு மாதிரி இடங்களில் மலிவாகக் கிடைப்பது "யுனிவர்சல்" கிட். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று பையன் அர்த்தம் எடுத்துக்கொள்கிறான். எந்தக் காருக்கும் ஒழுங்காகப் பொருந்தாது என்பதுதான் நிஜம். த்ராட்டில் பாடி வாய் ஒரு அளவு, பைப் வேறு அளவு. நடுவில் ஒரு ரப்பர் ரிட்யூசர் தேவை, அது பெட்டியில் இருக்காது. பைப்பை நேராக விட்டால் பாட்டரி இடிக்கும். கோன் ஃபில்டரைத் தாங்க ஒரு பட்டை வேண்டும், அதுக்கு வெல்டிங் கடைக்கு ஓடணும்.

ரெண்டாவது இடி சென்சார். சில கார்களில் உள்ளே போகிற காற்றை அளக்கும் சென்சார் அந்தக் குழாயிலேயே உட்கார்ந்திருக்கும். குழாயின் விட்டம் மாறினால் அளவும் தப்பும், தப்பான அளவை நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றும். டாஷ்போர்டில் செக் என்ஜின் லைட் மினுங்க ஆரம்பிக்கும். எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் என்றால், எண்ணெய் கொஞ்சம் கூடிப்போனாலும் சென்சார் கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். சில கார்களில் அந்த சென்சாரே கிடையாது. ஆனால் காற்றின் சூட்டைப் பார்க்கும் சென்சார் பழைய டப்பாவிலோ குழாயிலோ செருகியிருக்கும். புதுப் பைப்பில் அதற்கு ஓட்டை எங்கே? என்ஜினிலிருந்து வரும் பிரீதர் ஹோஸ் வேறு "என்னை எங்கே மாட்டப்போற?" என்று கேட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். ஹோஸ் கிளிப் ஒன்று லூசாக இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து, சிக்னலில் நிற்கும்போது என்ஜின் ஏறி இறங்கி ஆட்டம் போடும்.

மூணாவது இடி யார் கண்ணிலும் படாது. டப்பாவைத் தூக்கிவிட்டு வெறும் கோன் ஃபில்டரை என்ஜின் பக்கத்தில் வைத்தால் அது இழுப்பது வெந்த காற்று. வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அந்தச் சூடான காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட 9 சதவீதம் குறைவு. பவர் ஏற்றக் காசு கொடுத்து, பவரை இறக்கி வைத்துக்கொண்டு, "சவுண்ட் செமையா இருக்கு மச்சி" என்று சந்தோஷப்படுவது இப்படித்தான். சத்தம் நிஜம். வேகம் பெரும்பாலும் காதில் மட்டும்.

மைலேஜ் கதையையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009ல் ஒரு சோதனை செய்தது. ஃபியூயல் இன்ஜெக்ஷன் கார்களில் ஏர் ஃபில்டர் அழுக்கால் அடைத்துக்கொண்டிருந்தால் கூட மைலேஜ் அவ்வளவாக மாறவில்லை, பிக்கப்தான் குறைந்தது. அழுக்கு ஃபில்டரே மைலேஜைக் குறைக்காதபோது, சுத்தமான ஃபில்டரை மாற்றி மைலேஜ் எங்கிருந்து வரும்?

இப்போது காமர்ஸ் கணக்கு. கிட் விலை 10,000 ரூபாய், கார் 85 குதிரை சக்தி என்று வையுங்கள். ரொம்பத் தாராளமாக 3 சதவீதம் ஏறினாலும் கிடைப்பது இரண்டரை குதிரை. ஒரு குதிரைக்கு 4,000 ரூபாய். இதில் ரிட்யூசர், வெல்டிங், மெக்கானிக் கூலி, லைட்டை அணைக்க ஸ்கேனர் சார்ஜ் எதுவும் சேரவில்லை. பாதியில் நிறுத்தவும் முடியாது. பைப்பை அறுத்தாச்சு, கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். போன காசு போனதுதான், அதைப் பார்த்து அடுத்த முடிவை எடுக்கக்கூடாது என்று 'சங்க் காஸ்ட்' பாடத்தில் எழுதி மார்க் வாங்கிய பையனே, "இவ்வளவு செலவாச்சு, இன்னும் ஒரு ஆயிரம்தானே" என்று மறுபடி பர்ஸைத் திறப்பான்.

கடைசி பில் இன்னும் பெரிசு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. வாரண்டி கேட்டுப் போனால் சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அந்த கோனைத்தான். சில கிட்டுகள் குளிர்ந்த காற்றுக்காக ஃபில்டரை பம்பர் பக்கம் கீழே இறக்கி வைக்கின்றன. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த சென்னையில் அதன் அர்த்தம் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணி அமுங்காது. சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளையும். அந்தச் செலவை சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி பொதுவாக ஏற்காது, என்ஜினுக்குத் தனி கவர் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கார் அப்பா பெயரில் இருக்கும், ஈ.எம்.ஐ.யும் அவர்தான் கட்டுவார். ஆசை ஒருத்தனுக்கு, ஆப்பு இன்னொருத்தருக்கு.

ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவருக்குத் தெரிந்தது வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால் மட்டமான சரக்கே சந்தையில் தங்கும் என்பது சாரம். 2001ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏர் இன்டேக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. இதற்கு மருந்தும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் சாலையில் ஓடும் காருக்கு இன்டேக் கிட் விற்க வேண்டும் என்றால், புகை கூடாது என்று மாநிலக் காற்று வாரியத்திடம் காட்டி ஒரு எண் வாங்க வேண்டும். எந்த மாடல், எந்த வருஷம் என்ற பட்டியலும் அதோடு உண்டு. அந்த எண் உள்ள ஸ்டிக்கர் பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும். அங்கே முடிகிறது, இங்கே பெட்டி மேல் ஒரு சிறுத்தை படம் போட்டால் போதும் :-)

காரைத் தொட்டுப் பார்க்கிற ஆசையைக் கிண்டல் செய்ய வேண்டாம். தன் கையால் ஒரு ஹோஸ் கிளிப்பை முடுக்கினவன், சர்வீஸ் பில்லைப் பார்த்து வெறுமனே தலையாட்ட மாட்டான். அது பெரிய படிப்பு. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓடுகிற ரேஸ் கார்களுக்குக் கணக்கே வேறு. அங்கே இன்டேக்கோடு எக்ஸாஸ்ட், என்ஜின் கம்ப்யூட்டர் ட்யூனிங் எல்லாம் சேர்த்துச் செய்கிறார்கள்.

ஆபீஸுக்கும் காலேஜுக்கும் ஓடுகிற காருக்கு, கடையில் மூணே கேள்வி கேட்டால் போதும். இந்த மாடலுக்கென்றே செய்ததா? இதே மாடலில் டைனோவில் ஏற்றி எடுத்த அளவு இருக்கிறதா? பொருந்தாவிட்டால் திரும்ப எடுப்பீர்களா? மூணுக்கும் பதில் வராவிட்டால், அந்தக் கறுப்பு டப்பாவைத் திறந்து பழைய ஃபில்டரை எடுத்துவிட்டு சில நூறு ரூபாய்க்குப் புது பேப்பர் ஃபில்டர் போட்டு மூடலாம். அதுதான் நிஜமாகவே அரை மணி நேர வேலை. போல்ட்டும் மிச்சமாகாது.