ஏட்டில் இருக்கும் பணம்

கரூர் என்றால் ஊருக்கெல்லாம் பஸ் பாடியும் கொசுவலையும் படுக்கை விரிப்பும்தான் ஞாபகம் வரும். பங்குச் சந்தைக்காரர்களுக்கு ஞாபகம் வருவது வங்கி. 1916-ல் அங்கே கரூர் வைஸ்யா வங்கி தொடங்கியது. பத்து வருஷம் கழித்து, 1926-ல், லட்சுமி விலாஸ் வங்கி. இரண்டுமே உள்ளூர் வியாபாரிகள் ஆரம்பித்தவை, வியாபாரிகளுக்கே கடன் கொடுத்து வளர்ந்தவை.

2020 மார்ச் கடைசியில், கொரோனா பீதியில் சந்தை விழுந்து கிடந்தபோது, இரண்டின் பங்குகளும் புத்தக மதிப்புக்குக் கீழே கிடைத்தன. கரூர் வைஸ்யாவின் விலை 20 ரூபாயை ஒட்டி இருந்தது. அதன் புத்தக மதிப்பு பங்குக்கு 80 ரூபாய்க்கு மேல். லட்சுமி விலாஸும் அதன் ஏட்டு மதிப்புக்குக் கீழேதான். 'விலை - புத்தக மதிப்பு விகிதம் ஒன்றுக்குக் கீழே உள்ள வங்கிகள்' என்று கம்ப்யூட்டரில் சலித்து எடுத்திருந்தால் இரண்டு பெயரும் ஒரே பட்டியலில் வந்து விழுந்திருக்கும். எட்டு மாதத்தில் லட்சுமி விலாஸ் பங்கு காற்றில் கரைந்தது. கரூர் வைஸ்யா பங்கு 2024-ல் 200 ரூபாயைத் தாண்டியது.

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த வகைதான். "புக் வேல்யூ 100 ரூபாய், பங்கு 55-க்குக் கிடைக்குது. அடிமாட்டு விலை இல்லையா சார்?" இருக்கலாம். ஆனால் அதை அந்த விகிதம் சொல்லாது.

கணக்கு எளிது. வங்கியின் மொத்தச் சொத்திலிருந்து மொத்தக் கடன்பொறுப்பைக் கழித்தால் மிஞ்சுவது பங்குதாரர் பணம். பங்கு மூலதனமும் ரிசர்வும் சேர்ந்த தொகை அது. அதைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் புத்தக மதிப்பு. சந்தை விலையை அதனால் வகுத்தால் பி/பி. சாப்ட்வேர் கம்பெனிக்கோ சோப்பு கம்பெனிக்கோ இந்தக் கணக்கில் பெரிய அர்த்தம் இல்லை. அவற்றின் உண்மையான சொத்து பிராண்டிலும் ஆட்களிலும் இருக்கிறது, அது ஏட்டில் ஏறாது. வங்கிக்கு மட்டும் ஏன் பொருந்துகிறது என்றால், அதன் சொத்து எல்லாமே பணம்: கொடுத்த கடன், வாங்கி வைத்த அரசுப் பத்திரம், ரிசர்வ் வங்கியில் கிடக்கும் இருப்பு. இருபது வருஷத்துக்கு முன் வாங்கிய தறிக்கு இன்று என்ன விலை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நூறு ரூபாய் கடன் என்றால் நூறு ரூபாய்.

திரும்பி வந்தால்தான் நூறு ரூபாய்.

மளிகைக்கடைக்காரரின் பற்று நோட்டை நினைத்துப் பாருங்கள். நோட்டில் ஐம்பதாயிரம் நிலுவை இருக்கிறது என்றால் கடைக்காரரிடம் ஐம்பதாயிரம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எந்தப் பெயர் ஊரைவிட்டே போய்விட்டது, எந்தப் பெயர் தீபாவளிக்குள் கொடுத்துவிடும் என்பது அவர் மனசுக்குத்தான் தெரியும். வங்கியின் புத்தக மதிப்பும் இப்படி ஒரு அபிப்பிராயம்தான். எந்தக் கடனை வாராக் கடன் என்று எழுதுவது, அதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்று நிர்வாகம் முடிவு செய்கிறது, தணிக்கையாளர் தலையாட்டுகிறார், அதன் பிறகுதான் அந்த எண் அச்சாகிறது.

இந்த அபிப்பிராயத்தில் சின்னப் பிசகு வந்தாலும் அடி பெரிதாக விழுவதற்குக் காரணம் இருக்கிறது. நூறு ரூபாய் சொத்து வைத்திருக்கும் வங்கியில் பங்குதாரர் பணம் எட்டு, பத்து ரூபாய்தான் இருக்கும், மீதி டெபாசிட்காரர்களுடையது. சொத்தில் நான்கு ரூபாய் வராது என்று தெரியவந்தால், எட்டு ரூபாய் புத்தக மதிப்பில் பாதி காலி. 'புத்தக மதிப்பில் பாதி விலைக்கு' என்று நீங்கள் வாங்கிய பங்கு அன்றைக்குச் சரியான விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும். ஏழெட்டு ரூபாய் வராது என்றால் நீங்கள் வாங்கியது வெறும் காகிதம்.

2020 மார்ச்சில் கரூரின் இரண்டு வங்கிகளுக்கும் இருந்த வித்தியாசம் யாருடைய பெட்டியிலும் பூட்டிவைத்த ரகசியம் இல்லை. இரண்டுமே வெளியிட்ட முடிவுகளில் இருந்தது. ஒதுக்கீடு போக மிஞ்சும் நிகர வாராக் கடன், கரூர் வைஸ்யாவில் 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மூலதனப் போதுமை விகிதம் 17 சதவீதத்துக்கு மேல். லட்சுமி விலாஸில் மொத்த வாராக் கடன் 25 சதவீதம், நிகர வாராக் கடன் 10 சதவீதம், மூலதனப் போதுமை 1.12 சதவீதம். ஒன்று நாலு ரூபாய் ஓட்டையை அடைக்கப் பதினேழு ரூபாய் வைத்திருந்தது. மற்றொன்று பத்து ரூபாய் ஓட்டையை அடைக்க ஒரு ரூபாய் வைத்திருந்தது. நான் பி/பி பார்ப்பதற்கு முன்பு எப்போதும் நிகர வாராக் கடன் தொகை முழுவதையும் பங்குதாரர் பணத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் வகுப்பேன். இது கொஞ்சம் கொடூரமான கணக்குதான். வாராக் கடனிலும் அடமானத்தை விற்றுக் கொஞ்சம் தேறும். ஆனாலும் கழித்த பிறகும் மலிவாகத் தெரிகிற வங்கியைத்தான் மலிவு என்று ஒப்புக்கொள்ள மனசு வருகிறது.

லட்சுமி விலாஸ் அந்த நிலைக்கு ஒரே நாளில் வரவில்லை. சிறு வியாபாரிகளை விட்டுவிட்டுப் பெரிய கார்ப்பரேட் கடன்களுக்குப் போனது. 2017 டிசம்பரில் பங்குக்கு 122 ரூபாய் விலையில் உரிமைப் பங்கு வெளியிட்டுச் சுமார் 788 கோடி திரட்டியது. அதில் பணம் போட்டவர்களில் அந்த வங்கியிலேயே டெபாசிட் வைத்திருந்த குடும்பங்களும் உண்டு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதை உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் கொண்டுவந்தது. இந்தியாபுல்ஸ் ஹவுசிங்குடன் இணையும் திட்டத்துக்கு அடுத்த மாதமே அனுமதி மறுத்தது. 2020 செப்டம்பர் ஆண்டுக் கூட்டத்தில் பங்குதாரர்கள் ஏழு இயக்குநர்களை ஓட்டுப் போட்டே வெளியே அனுப்பினார்கள். நவம்பர் 17 அன்று மொராட்டோரியம், 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. பத்தே நாளில் டிபிஎஸ் இந்தியா வங்கியுடன் இணைப்பு. டெபாசிட்காரர்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பங்கு மூலதனமும் ரிசர்வும் முழுவதுமாக எழுதித் தள்ளப்படும் என்றது இணைப்புத் திட்டம். புத்தக மதிப்பு என்பதே அந்த இரண்டின் கூட்டுத்தொகைதான் என்று மேலே சொன்னேன். கடைசியாக ஏழு ரூபாய்ச் சொச்சத்துக்குக் கைமாறிய பங்கு அது.

கரூர் வைஸ்யா அதே வருஷம் ஜூலையில் ஸ்டேட் வங்கியிலிருந்து வந்த ரமேஷ் பாபுவை நிர்வாக இயக்குநராக்கியது. பழைய கடன்களைத் துடைத்தது, நகைக்கடனையும் சிறு வணிகக் கடனையும் வளர்த்தது. 2020-ல் 8.68 சதவீதமாக இருந்த மொத்த வாராக் கடன் 2024 மார்ச்சில் 1.4 சதவீதம். லாபம் 235 கோடியிலிருந்து 1,605 கோடி.

ஏட்டைப் படித்தால் போதும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. ஏடே பொய்யாக இருந்தால்? 2015-16-க்கு யெஸ் வங்கி காட்டிய மொத்த வாராக் கடன் 749 கோடி; ரிசர்வ் வங்கி ஆய்வு செய்து சொன்னது 4,926 கோடி. அடுத்த வருஷமும் இடைவெளி 6,355 கோடி. இது வெளியே தெரிந்த பிறகும் 2018 ஆகஸ்டில் அந்தப் பங்கு 400 ரூபாயை எட்டியது. அன்றைய புத்தக மதிப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல். 2019 டிசம்பர் காலாண்டில் மட்டும் 18,564 கோடி நஷ்டம். 2019 மார்ச்சில் அதன் பங்குதாரர் பணமாகக் காட்டப்பட்டது சுமார் 27,000 கோடி என்பதை வைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் ஸ்டேட் வங்கி உள்ளிட்டவை அதில் பணம் போட்டது பங்குக்குப் பத்து ரூபாய் விலையில். விகிதம் ஒன்றுக்குக் கீழே இருந்தால் சந்தை அந்த ஏட்டை நம்பவில்லை என்று அர்த்தம். மூன்றில் இருந்தால் நம்புகிறது என்று மட்டும்தான் அர்த்தம். நம்பிக்கை சரியா என்பது வேறு கேள்வி.

வாராக் கடனே இல்லாமலும் ஏடு ஏமாற்றும். 2023 மார்ச்சில் விழுந்த அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கி வைத்திருந்தது பெரும்பாலும் அரசு ஆதரவுப் பத்திரங்கள். அதில் சுமார் 9,100 கோடி டாலரை 'முதிர்வு வரை வைத்திருப்போம்' என்ற தலைப்பில் போட்டிருந்தது. அந்தத் தலைப்பில் போட்டால் சந்தை விலை இறங்கினாலும் ஏட்டில் வாங்கிய விலையே நிற்கும். வட்டி விகிதம் ஏறியதில் காட்டாமல் கிடந்த நஷ்டம் 1,500 கோடி டாலர். வங்கியின் மொத்தப் பங்குதாரர் பணம் சுமார் 1,600 கோடி. அடிக்குறிப்பில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. டெபாசிட்காரர்கள் அதைப் படித்து முடித்த அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

சரி, ஏடு சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் விகிதம் ஒன்றுக்குக் கீழே இருந்தால் மலிவு என்று ஆகாது. பங்குதாரர் பணத்தை வைத்து வங்கி வருஷத்துக்கு எத்தனை சதவீதம் சம்பாதிக்கிறது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. நீங்கள் இந்த அபாயத்துக்கு 13 சதவீத வருமானம் எதிர்பார்க்கிறீர்கள், வங்கி நீண்ட காலத்துக்கு 5 சதவீதம் வளரும் என்று வையுங்கள். அது 13 சதவீதம் சம்பாதித்தால் நியாயமான பி/பி சரியாக ஒன்று. 17 சம்பாதித்தால் ஒன்றரை. 9 சம்பாதித்தால் அரை. சம்பாதிப்பதிலிருந்தும் எதிர்பார்ப்பிலிருந்தும் வளர்ச்சியைக் கழித்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும். ஒன்பது சதவீத வங்கியை அரை மடங்குக்கு வாங்கியவரும் பதினேழு சதவீத வங்கியை ஒன்றரை மடங்குக்கு வாங்கியவரும் ஒரே விலைதான் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கணக்குப் போட்டுக் காட்டினாலும் நம்ப மறுக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. 'ஒன்றுக்குக் கீழே' என்ற சொல்லுக்கு அவ்வளவு மயக்கம்.

இன்னொரு விஷயத்தைச் சந்தையில் அதிகம் பேசுவதில்லை. வங்கி தன் லாபம் தாங்குவதைவிட வேகமாக வளர வேண்டுமென்றால் புதுப் பங்கு விற்று மூலதனம் திரட்டியாக வேண்டும். நூறு பங்கு, ஒவ்வொன்றுக்கும் நூறு ரூபாய் புத்தக மதிப்பு. சந்தை விலை அறுபது. ஐம்பது புதுப் பங்கு விற்றால் பழைய பங்குதாரரின் புத்தக மதிப்பு 86 ரூபாய் சொச்சமாக இறங்கிவிடும். சந்தை விலை 200 என்றால் அதே ஐம்பது பங்கை விற்றதில் 133 ஆக ஏறிவிடும். பொதுத்துறை வங்கிகள் பல வருஷம் முதல் வகையில் மாட்டிக்கொண்டிருந்தன. 2015-ல் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த காலத்தில் தொடங்கிய சொத்துத் தர ஆய்வில் வாராக் கடன் வெளியே வந்து கொட்டியது, 2018-ல் வங்கித்துறை முழுவதற்கும் 11 சதவீதத்தைத் தாண்டியது. அரசு மலிவு விலையில் மூலதனம் போடப் போட, ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவரின் பங்கு தேய்ந்தது. பஜாஜ் ஃபைனான்ஸ், எச்டிஎஃப்சி வங்கி மாதிரியானவை நீண்ட காலம் இரண்டாவது வகையில் இருந்தன. அதிக விலை என்று எல்லோரும் முகம் சுளித்த பங்கு, அந்த அதிக விலையாலேயே தன் புத்தக மதிப்பை வளர்த்துக்கொண்டது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. நிதித்துறை என்பதற்காக எல்லாவற்றுக்கும் இந்த விகிதத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. மியூச்சுவல் ஃபண்ட் நிர்வாகக் கம்பெனிக்குப் பொருந்தாது. அது சம்பாதிப்பது பிறர் பணத்தை நிர்வகிக்கும் கட்டணத்தில். ஆயுள் காப்பீட்டுக்கும் பொருந்தாது. 2022 மே மாதம் எல்.ஐ.சி. பங்கு 949 ரூபாய்க்கு வெளியானபோது கம்பெனியின் மதிப்பு 6 லட்சம் கோடி. ஏட்டில் பங்குதாரர் பணம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. பி/பி பார்த்தால் தலை சுற்றும். அதனால் 'உள்ளார்ந்த மதிப்பு' என்று வேறொன்றைக் காட்டினார்கள். இருக்கும் பாலிசிகளிலிருந்து இனி வரப்போகும் லாபத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, அதோடு நிகரச் சொத்தைக் கூட்டிச் சொல்லும் எண் அது. 2021 மார்ச்சில் அது 95,605 கோடி. அதே வருஷம் செப்டம்பரில் 5,39,686 கோடி. ஆறு மாதத்தில் எல்.ஐ.சி. ஐந்தரை மடங்கு வளர்ந்துவிடவில்லை. பாலிசிதாரர் நிதியை இரண்டாகப் பிரித்து, உபரியில் பங்குதாரருக்கு எவ்வளவு என்ற விதியை மாற்றினார்கள். சந்தை வெளியீட்டு விலையை முழுசாக ஏற்கவில்லை. பட்டியலான மே 17 அன்று தேசியப் பங்குச் சந்தையில் பங்கு 872 ரூபாய்க்குத் தொடங்கியது. பாலிசிதாரர் என்பதற்காக 60 ரூபாய் தள்ளுபடி வாங்கி, 889 ரூபாய்க்கு விண்ணப்பித்தவர்களும் முதல் நாளிலேயே நஷ்டத்தில் இருந்தார்கள்.